நாற்பத்து நாலாவது கேள்வி

சென்டர் ஸ்ட்ரீட்டில் இருந்த, காசு போட்டு அவரவரே துவைத்துக்கொள்ளும் சலவைக் கடையில் எர்லீன் காடிஸ் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். அதில் கடைசிப் பதினேழு வருஷம் நானும் உடன் இருந்தேன். அவளுக்குக் காலை முறை, எனக்கு மதிய முறை. ஆனால் முறை முடிந்தாலும் அவள் வீட்டுக்குப் போக மாட்டாள். நானும் ஒரு மணி நேரம் முன்பாகவே போய்விடுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வேலைக்கே போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

மில்வாக்கி நகரின் வடக்குப் பக்கத்தில் அப்போது எங்கள் கறுப்பின ஜனங்களுக்கு உட்கார்ந்து பேச இரண்டே இடங்கள்தான். ஒன்று சர்ச், இன்னொன்று எங்கள் கடை. சர்ச்சுக்கு நல்ல உடை வேண்டும். எங்களிடம் வர அழுக்குத் துணி இருந்தால் போதும். முழங்கால் வரை பனி கொட்டிக் கிடக்கும் நாளிலும் உள்ளே ஜூலை மாதத்து வெக்கையாக இருக்கும். கண்ணாடிச் சுவரெல்லாம் நீராவி பூத்து, பிள்ளைகள் அதில் விரலால் படம் போடுவார்கள். இருபத்திரண்டு துவைக்கும் இயந்திரங்களும் ஒரே நேரத்தில் ஓடினால் தரை அதிரும். அந்த இரைச்சலுக்கு மேலே பெண்கள் கத்திப் பேசுவார்கள், கத்திச் சிரிப்பார்கள், ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிக்கொண்டிருப்பாள்.

எர்லீன் ஒல்லியான, உயரமான பெண். தெற்கே ஆர்கன்சாவில் பிறந்து, ஆறு வயதில் ரயிலேறி இங்கே வந்தவள். நடையும் மெதுவு, பேச்சு அதைவிட மெதுவு. கட்டில் விரிப்பை, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்ததை, காகிதம் மாதிரித் தட்டையாக மடிப்பாள். எனக்குப் பதினேழு வருஷத்தில் அது வரவில்லை. யார் முழுகாமல் இருக்கிறாள் என்பது புருஷனுக்குத் தெரியும் முன் அவளுக்குத் தெரிந்துவிடும். "நேத்துவரைக்கும் லாவண்டர் சோப்பு போட்டவ இன்னிக்கு வாசனை இல்லாத சோப்பு கேக்குறா. இதுக்கு டாக்டர் வேணுமா?" என்பாள்.

அந்தக் கடையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வயிற்றோடு வந்துகொண்டிருந்தவள் இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு வெறும் கையோடு வந்தால், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். எர்லீன் எழுந்து போய் அவளுடைய துணியைத் தானே வாங்கி மடித்துக் கொடுப்பாள். மற்றவர்கள் ரேடியோவைக் கேட்பதுபோல இருப்போம். அப்படி வெறும் கையோடு வந்தவர்கள் எங்களில் கொஞ்சநஞ்சப் பேர் இல்லை. ஏன் இத்தனை பேர் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. மழை பெய்வதுபோல அதுவும் ஒன்று என்று இருந்துவிட்டோம்.

1996 மே மாதத்தில் மாரிட் ஹால்வர்சன் என்ற டாக்டரம்மா கடைக்குள் வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். வெள்ளைக்காரி, நாற்பது வயது இருக்கும், வைக்கோல் நிறத்தில் முடி. கையில் ஒரு அட்டை, அதில் கிளிப் போட்ட காகிதக் கட்டு. இந்தப் பகுதியில் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று இறந்தால் கறுப்பினக் குழந்தை மூன்று இறக்கிறது, ஏன் என்று கண்டுபிடிக்க வந்திருக்கிறேன், பெண்களிடம் சில கேள்விகள் கேட்க அனுமதி வேண்டும் என்றார்.

எர்லீன் காகிதத்தை வாங்கி, கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே முழுவதும் படித்தாள். அவள் படித்து முடிப்பதற்குள் இரண்டு இயந்திரங்கள் ஓடி நின்றுவிட்டன. டாக்டரம்மா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"நாப்பத்தி மூணு கேள்வி இருக்கு, டாக்டரம்மா" என்றாள் எர்லீன். "சிகரெட் குடிச்சியா, சாராயம் குடிச்சியா, புருஷன் இருக்கானா, எத்தனாவது வரைக்கும் படிச்ச. அம்மாக்காரி என்ன பண்ணினான்னு நாப்பத்தி மூணு தடவ கேட்டிருக்கீங்க. அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவகூடக் கேக்கலையே."

டாக்டரம்மாவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. "நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க?"

"எனக்கு வேலை கெடக்கு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எர்லீன் போய்விட்டாள்.

இனி அந்தம்மா இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்று நான் நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய மூட்டை அழுக்குத் துணியோடு வந்து நின்றார்.

"வீட்ல மெஷின் இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"அப்புறம் எதுக்கு இவ்ளோ தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

"எங்க வீட்டு மெஷின் என்கூடப் பேசாது."

பின்னல் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எர்லீன் சிரிக்கவில்லை. ஆனால் அவருடைய மூட்டையைப் பிரித்துப் பார்த்து, "கம்பளியையும் துண்டையும் ஒண்ணாப் போடுறீங்களே, இதான் பல்கலைக்கழகத்துல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டாள். அவளிடமிருந்து அது பெரிய வரவேற்பு.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை எர்லீன் தானாகவே பேச்சை எடுத்தாள். "எழுதிக்கோங்க. நாப்பத்தி நாலாவது கேள்வி. உங்க உடம்புக்கு என்ன பண்ணுதுன்னு யார்கிட்ட சொன்னீங்க? அவங்க என்ன பண்ணினாங்க?"

டாக்டரம்மா எழுதினார். "ரெண்டு கேள்வியா இருக்கே."

"ஒண்ணோட ரெண்டு பாதி. பிரிச்சா அர்த்தமில்ல."

"சரி. முதல் பதில் நீங்க சொல்வீங்களா?"

எர்லீன் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். திரும்பி வந்து யாரோ விட்டுப்போன ஒரு துண்டை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எழுபத்தெட்டுல எனக்கு இருபத்தி நாலு வயசு. பெட்டி செய்ற ஃபேக்டரியில வேலை. ஏழு மாசம். காலு வீங்கி, எங்க வீட்டுக்காரர் லூஷியஸோட ஷூவைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன். தலைவலின்னா தலைவலி, வெளிச்சத்தைப் பாக்க முடியாது. மூணு தடவ போய்ச் சொன்னேன். மூணாவது தடவ அந்த டாக்டர் என் மூஞ்சியக்கூடப் பாக்கல. காகிதத்தப் பாத்துக்கிட்டே, உப்பைக் குறைன்னான். நாலாம் நாள் எனக்கு ஜன்னி வந்து ஃபேக்டரியில விழுந்துட்டேன். பொண்ணு. ரெண்டு நாள் இருந்தா. காரீன்னு பேர் வெச்சோம்."

இரண்டு வருஷமாக அவள் பக்கத்தில் நின்று துணி மடித்தவள் நான். அவள் பிள்ளை பெற்றவள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேரும் நல்லபடியாகப் பிறந்தவர்கள். அவர்களுடைய சேட்டையைப் பற்றி அவளிடம் எத்தனை மணி நேரம் அலுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து, "நடீன், ஏழாம் நம்பர் நின்னு போச்சு, பாரு" என்றாள். நான் போய்ப் பார்த்தேன்.

வேலை அப்படித் தொடங்கியது. எர்லீன் சில நிபந்தனைகள் போட்டாள். கூட்டம் பல்கலைக்கழகத்தில் அல்ல, கடையில் நடக்க வேண்டும். கேள்வி கேட்பவர்கள் இந்தத் தெருப் பெண்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கும் மற்ற ஆராய்ச்சி உதவியாளர்களைப் போலவே சம்பளம். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எர்லீன், நான், இன்னும் இருவர் என்று நாலு பேர் பயிற்சி எடுத்துக்கொண்டோம். இரண்டு குளிர்காலம், முந்நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.

அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு சோப்பு வாசனையும் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பின் வாசனையும் சேர்ந்தே வருகின்றன. செவ்வாய்க்கிழமை வந்தால் ஆளுக்கொன்று கொண்டு வருவார்கள். ஒருத்தி பொரித்த மீன், ஒருத்தி சோள ரொட்டி. டாக்டரம்மா ஒருமுறை அவர்கள் ஊர்ப் பண்டம் என்று சோப்பு செய்யும் காரத்தில் ஊறிய மீன் ஒன்றைக் கொண்டு வந்தார். எர்லீன் மரியாதைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு, "இது செத்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள். டாக்டரம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கதைகள் தொடங்கும். சிரிப்பும் அழுகையும் ஒரே மேஜையில் நடந்தன. வருஷக்கணக்காகச் சொல்லாமல் இருந்ததைச் சொல்லிவிட்டு, உலர்ந்த துணியைத் தூக்கிக்கொண்டு, தோள் பாரம் இறங்கியவர்களாக வெளியே போவார்கள்.

வந்தவர்களில் ரெனாட்டா வோமாக் என்ற பள்ளி ஆசிரியை இருந்தார். எம்.ஏ. படித்தவர். கணவர் வங்கியில் வேலை. கேள்விக்கு அவர் சொன்ன பதிலை நான்தான் எழுதினேன். "ஒரு நாள் சிகரெட்டத் தொட்டதில்ல. ஒரு செக்கப் தவற விட்டதில்ல. அஞ்சு மாசத்துல இடுப்பு வலிக்குது, அடிவயிறு இறங்குற மாதிரி இருக்குன்னு சொன்னேன். முதல் பிரசவம், பயத்துல அப்படித் தோணும்னாங்க. மறுநாள் ரெண்டும் போச்சு. ரெட்டை."

டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கிப் படித்தார். "பத்து வருஷமா ஏழ்மையும் படிப்பில்லாததும்தான் காரணம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "இவங்களுக்கு ரெண்டுலயும் குறை இல்லையே."

"அதத்தானே எல்லாரும் சொல்ல வர்றோம்" என்றாள் எர்லீன்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், 1998 அக்டோபரில், திருமதி வோமாக் துணி இல்லாமல் கடைக்கு வந்தார். கையில் செய்தித்தாள். டாக்டரம்மா சிகாகோவில் ஒரு மாநாட்டில் பேசியிருக்கிறார். அதைப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். ஓர் ஆசிரியை, வங்கியில் வேலை பார்க்கும் கணவர், இரட்டைக் குழந்தை, அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே.

"என் மாமியாருக்கே ரெட்டைன்னு தெரியாது" என்றார் திருமதி வோமாக். "இன்னிக்குக் காலையில ஸ்கூல்ல கூட்டிப் பெருக்குறவர்கூட எனக்கு அனுதாபம் சொல்றாரு."

மத்தியானம் டாக்டரம்மா வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் வெளுத்தது. "நான் பேரே சொல்லலையே" என்றார்.

"பேரு எதுக்கு?" என்றாள் எர்லீன். குரல் உயரவே இல்லை. "ரெட்டைய இழந்த கறுப்பு வாத்தியாரம்மா, புருஷன் பேங்க்ல. இந்த ஊர்ல எத்தனை பேரு இருக்காங்க டாக்டரம்மா? எங்க வயித்துல இருந்ததத்தான் எங்களால காப்பாத்த முடியல. வாயில இருந்து வந்ததையாவது காப்பாத்துவீங்கன்னு நெனச்சேன்."

எழுதி முடித்த தாள்கள் இருந்த இரண்டு பெட்டிகளையும் என் காரில் ஏற்றச் சொன்னாள். அவளுடைய வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். டாக்டரம்மா தடுக்கவில்லை.

ஐந்து மாதம் எந்த வேலையும் நடக்கவில்லை. டாக்டரம்மாவிடமிருந்து கடிதங்கள் வந்தன. எர்லீன் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் போடுவாள். செவ்வாய்க்கிழமைகளில் கடை வெறிச்சென்று இருந்தது. பெண்கள் வந்தார்கள், துவைத்தார்கள், போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் மேலும் இரண்டு பேர் வெறும் கையோடு வந்தார்கள். இரண்டாமவளுக்குத் துணி மடித்துக் கொடுத்த அன்று எர்லீன் என்னிடம், "கோவத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன், நடீன்?" என்று கேட்டாள்.

மார்ச்சில் டாக்டரம்மா வந்தார். அதற்கு முன்பே திருமதி வோமாக்கின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. அன்று திருமதி வோமாக்கும் கடைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுவில் நின்றார்.

"பேரை எடுத்துட்டா போதும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நானும் அத யோசிச்சுப் பாக்கல. தப்பு என்னோடது."

பின்னாலிருந்து திருமதி வோமாக், "நீங்க இந்த ஆராய்ச்சியப் பத்திப் புத்தகத்துல போடுறதுக்கு எழுதி வெச்சிருக்கீங்களே, அதப் படிங்க. எங்க எல்லார் முன்னாலயும்" என்றார்.

எர்லீன் போய் உலர்த்தும் இயந்திரங்களையெல்லாம் நிறுத்தினாள். டாக்டரம்மா படித்தார். இரண்டு மணி நேரம். ஒரு இடத்தில், மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாதவர்கள் என்று ஒரு சொற்றொடர் வந்தது.

"நிறுத்துங்க" என்றாள் எர்லீன். "அது யாரு?"

"குடுத்த தேதிக்கு வராதவங்க."

"அவங்ககிட்ட ஏன் வரலைன்னு நான்தான் கேட்டேன். பஸ் வரல. மேனேஜர் லீவு குடுக்கல. அப்படி எழுதுங்க."

டாக்டரம்மா பேனாவை எடுத்து அடித்துவிட்டு எழுதினார். அதன் பிறகு ஆளாளுக்கு இது வேண்டாம், அதை மாற்று என்று தொடங்கிவிட்டார்கள். திருமதி வோமாக் தன் பகுதியை எடுக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் யோசித்துவிட்டு, "புருஷன், பேங்க், அதெல்லாம் எடுத்துடுங்க. சொன்னேன், கேக்கலைங்கறது இருக்கட்டும்" என்றார். மறுநாள் பெட்டிகள் இரண்டும் திரும்பப் போயின. அன்று முதல், கடையில் சத்தமாகப் படிக்காமல் ஒரு வரியும் வெளியே போனதில்லை.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பதில்களை வைத்துக்கொண்டு எர்லீனும் டாக்டரம்மாவும் ஒரு மருத்துவமனையின் படியை ஒன்றரை வருஷம் ஏறி இறங்கினார்கள். கேட்டது இரண்டே விஷயம். ஒவ்வொரு தாயின் கோப்பிலும் முதல் பக்கத்தில் அவள் சொன்னதை அவளுடைய வார்த்தையிலேயே எழுத வேண்டும். விரும்புகிறவளுக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு துணைப்பெண் கூடவே வர அனுமதிக்க வேண்டும். அங்கிருந்த பெரிய டாக்டர் ஒருவர் எர்லீனிடம், நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். "பத்தாவது. ஆனா முந்நூத்திப் பன்னெண்டு பேரப் படிச்சிருக்கேன்" என்று சொன்னதாக டாக்டரம்மா வந்து எங்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். சோதனைக்கு ஒரு வருஷம் என்று ஒப்புக்கொண்டார்கள். முதல் ஆறு துணைப்பெண்களில் நாங்கள் இருவரும் இருந்தோம்.

2001 ஜனவரி. வெளியே பனி வாரிக் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை. ஷவோண்டா என்ற பெண், எட்டாம் மாதம், துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?" என்றாள் எர்லீன்.

"ஒண்ணுமில்ல மிஸ் எர்லீன். ரெண்டு நாளா தலைவலி. கண்ணுல பூச்சி பறக்குது. நேத்து போய்ச் சொன்னேன், மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க."

எர்லீன் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. கடையை அப்படியே விட்டுவிட்டு என் காரில் ஏறினோம். வழியெல்லாம் எர்லீன் பின்சீட்டில் அந்தப் பெண்ணின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் எங்களை உட்காரச் சொன்னாள். நேற்றுத்தான் பார்த்தாயிற்று, இன்று வரிசைப்படிதான் என்றாள்.

"சரிம்மா" என்றாள் எர்லீன் அமைதியாக. "இந்தப் பொண்ணு தலைவலி, கண்ணுல பூச்சி, கை வீக்கம்னு சொல்றா. இப்ப பாக்க முடியாதுன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி, மணியப் போட்டு, உங்க பேரையும் போட்டுக் குடுங்க. நாங்க போய் உக்காந்துக்கறோம்."

அந்தப் பெண் எர்லீனைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் ஒரு நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தார். பார்த்துவிட்டு, ஓடாத குறையாக நடந்து போனார். பிறகு கதவுகள் திறந்தன, ஆட்கள் வந்தார்கள், எல்லாம் மளமளவென்று நடந்தது. மத்தியானம் இரண்டே காலுக்கு ஷவோண்டாவுக்குப் பெண் பிறந்தது. நாலு பவுண்டு. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து வீட்டுக்கு வந்தது.

அன்று காரில் திரும்பிக் கடை வாசலுக்கு வந்தும் எர்லீன் கதவைத் திறக்கவில்லை. "என்னால வண்டிய விட்டு இறங்க முடியல, ஒரு நிமிஷம் இரு" என்றாள். எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் பனி மூடி வெள்ளையாகிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி முடிந்ததென்று சொல்ல மாட்டேன். நான் துணையாகப் போன ஒருத்திக்கு எல்லாம் சரியாகச் செய்தும் குழந்தை தங்கவில்லை. இந்த ஊரில் இன்றும் அந்த ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கு சமமாகவில்லை. ஆனால் ஐந்து வருஷம் கழித்து டாக்டரம்மா ஒரு வரைபடத்தை எடுத்து வந்து, நாங்கள் வேலை செய்த தெருக்களில் மட்டும் குழந்தைச் சாவின் கோடு கொஞ்சம் இறங்கியிருப்பதைக் காட்டினார்.

"இது எத்தனை பிள்ளை?" என்று கேட்டாள் எர்லீன்.

"தோராயமா பதினொண்ணு. ஆனா எந்தப் பதினொண்ணுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"சொல்லவும் வேணாம். தெரிஞ்சா அந்தப் பிள்ளைங்களுக்குத் தலைக்கனம் வந்துடும்" என்றாள். கடையில் அன்று ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

2011 செப்டம்பரில் முதலாளி கடையை விற்றார். கடைசி நாள் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் மூவரும், நான், எர்லீன், டாக்டரம்மா, கஸ்டர்ட் ஐஸ்கிரீம் கடைக்குப் போனோம். எர்லீனுக்கு பட்டர் பீக்கன் ருசிதான் வேண்டும். அன்றைக்கு இருந்தது செர்ரி. "இருபத்தாறு வருஷ வேலைக்கு இதான் மரியாதையா?" என்று அந்தக் கடைக்காரனிடம் சொல்லிவிட்டு, இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டாள். வெயில் இதமாக இருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. டாக்டரம்மா தன் ஓய்வைப் பற்றிப் பேசினார், நான் என் பையனின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினேன். எர்லீன் செர்ரியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு உருண்டையையும் தின்று முடித்தாள். அதற்கப்புறம் அவள் இருந்தது நாலு வருஷம்.